வீட்டு எஸ்பிரெசோ மெஷினின் பம்ப் அழுத்தம்: அளப்பதும் திருத்துவதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் எஸ்பிரெசோ மெஷின் வாங்கியவர்கள் கொஞ்ச நாளில் கேட்க ஆரம்பிக்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கின்றன. முதலில் "கேஜின் (அழுத்தமானியின்) முள் எங்கே நிற்க வேண்டும்?" என்பார்கள். அடுத்து "ஏன் அங்கே நிற்க மாட்டேன் என்கிறது?" கடைசியில் ஸ்பேனரும் கையுமாக வந்து "எந்த நட்டைத் திருக வேண்டும்?" ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டிருப்பதைவிட ஓரிடத்தில் எழுதிவைப்பது மேல் என்று இதைத் தொகுத்திருக்கிறேன். வீடுகளில் பெரும்பாலும் இருப்பது அதிர்வு பம்ப் (மின்சுருளுக்குள் பிஸ்டன் அதிர்ந்து தண்ணீரைத் தள்ளும் வகை) வைத்த மெஷின் என்பதால் பதில்களும் அதைப் பற்றியே இருக்கும். மோட்டாரால் சுழலும் ரோட்டரி பம்ப் வைத்திருப்பவர்களுக்குப் பின்னால் தனியாக ஒரு கேள்வி உண்டு.

எல்லோரும் 9 பார், 9 பார் என்கிறார்களே, அது என்ன கணக்கு? யார் வைத்தது?

பார் என்பது அழுத்தத்தின் அலகு. கடல்மட்டத்தில் காற்று நம்மை அழுத்தும் அளவு ஏறத்தாழ 1 பார். டயர்க் கடைக் கணக்கில் சொன்னால் 14.5 பிஎஸ்ஐ. ஆகவே 9 பார் என்பது சுமார் 130 பிஎஸ்ஐ. 58 மில்லிமீட்டர் விட்டமுள்ள காபிப் படுகையின் மேல் இந்த அழுத்தம் விழும்போது, மொத்த விசை ஏறக்குறைய 240 கிலோ எடைக்குச் சமம். போர்ட்டாஃபில்டரை, அதாவது காபித் தூள் வைத்து மாட்டும் கைப்பிடிக் கிண்ணத்தை, ஏன் அவ்வளவு இறுக்கி மாட்டச் சொல்கிறார்கள் என்பது இதிலிருந்தே விளங்கும்.

1901இல் லூயிஜி பெட்ஸேரா காப்புரிமை பெற்ற மிலான் நகரத்து மெஷின், நீராவியின் பலத்தில் ஓடியது. அதன் அழுத்தம் ஒன்றரைப் பார் அளவைத் தாண்டவில்லை. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு அக்கிலே காஜ்ஜியா ஸ்பிரிங் வைத்த லீவர் மெஷினைக் கொண்டுவந்தபோதுதான் அழுத்தம் பல மடங்கு உயர்ந்தது. கோப்பையின் மேல் பொன்னிற நுரையான கிரேமா படிய ஆரம்பித்ததும் அப்போதுதான். 1961இல் வந்த ஃபேமா ஈ61, மனிதக் கைக்குப் பதிலாக மின்பம்பை வைத்து 9 பாரைச் சீராகத் தந்தது. இத்தாலியின் தேசிய எஸ்பிரெசோ நிறுவனம் சான்றிதழுக்கு விதித்த அளவும் அதுவே: 7 கிராம் தூள், 25 வினாடி, 9 பார்; ஒரு பார் கூடலாம், குறையலாம். அந்த ஒரு பார் சலுகையைக் கவனியுங்கள். 8.7 காட்டுகிறது என்று தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

என் மெஷின் பெட்டியில் 15 பார் என்று போட்டிருக்கிறது. என் மைத்துனர் வாங்கியதில் 20 பார். அப்படியென்றால் அவருடையது உசத்தியா?

இல்லை. அது பம்பின் வாயை முழுவதும் அடைத்துவிட்டால் அதனால் அதிகபட்சம் எட்ட முடிகிற அழுத்தம். வாய் அடைபட்டிருக்கும்போது ஒரு சொட்டுகூட வெளியே வராது, காபியும் வராது. தண்ணீர் ஓடத் தொடங்கியதும் அழுத்தம் இறங்கும். ஓட்டம் கூடக் கூட அழுத்தம் குறையும், அழுத்தம் கூடக் கூட ஓட்டம் குறையும். அதிர்வு பம்பின் சுபாவம் இது. பல வீட்டு மெஷின்களுக்குள் இருக்கும் இத்தாலியத் தயாரிப்பான உல்கா பம்பின் லேபிளிலும் 15 பார் என்றே இருக்கும். 9 பாரில் அருமையான காபி தரும் மெஷினுக்குள்ளும் அதே பம்ப்தான். பெட்டியில் இருக்கும் எண் விற்பனைக்காரருக்கு உதவும், உங்களுக்கு உதவாது.

அப்படியானால் அழுத்தத்தை உண்டாக்குவது பம்பா, காபித் தூளா?

இரண்டும். தூளே இல்லாமல் பம்பை ஓட்டிப் பாருங்கள். தண்ணீர் தாராளமாகக் கொட்டும், அழுத்தம் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்கும். தூள் தடுத்தால்தான் பின்னால் அழுத்தம் ஏறும். நைசாக அரைத்தால் தடை அதிகம், அழுத்தமும் அதிகம். கொரகொரப்பாக அரைத்தால் இரண்டும் குறைவு.

இந்த ஏற்றத்துக்கு ஒரு மேல்வரம்பு வைப்பது ஓபிவி எனப்படும் அழுத்தத் தணிப்பு வால்வு. குக்கர் வெயிட் செய்யும் வேலையைத்தான் இதுவும் செய்கிறது. அங்கே எடை தூக்கிக்கொள்கிறது, இங்கே ஒரு ஸ்பிரிங் பின்வாங்கி வழிவிடுகிறது. மிஞ்சிய தண்ணீர் ஒரு சின்னக் குழாய் வழியாகத் தொட்டிக்கோ சொட்டுத் தட்டுக்கோ திரும்பிவிடும். ஆக, வரம்புக்குக் கீழே அழுத்தத்தைத் தீர்மானிப்பது உங்கள் அரைப்பு. வரம்பைத் தீர்மானிப்பது அந்த ஸ்பிரிங். கீழே வரும் பல பதில்கள் இந்த ஒரு விஷயத்துக்கே திரும்பி வரும்.

முகப்பில் உள்ள கேஜ் 1.2 மட்டுமே காட்டுகிறது. பம்ப் போய்விட்டதா?

போகவில்லை. நீங்கள் பார்ப்பது பாய்லரின் நீராவி அழுத்தம். அந்தக் கேஜில் எண்கள் 3 பாருக்குள் முடிந்திருக்கும். பால் நுரைக்கும் நீராவிக்கு 1 முதல் 1.3 பார் வரை இருந்தால் சரி. பம்பின் கேஜில் 16 வரை எண் இருக்கும், பம்ப் ஓடும்போது மட்டும் முள் எழும். சில மெஷின்களில் ஒரே வட்டத்தில் இரண்டு முட்கள், இரண்டு அளவுகோல்கள் இருக்கும். குழப்பம் பெரும்பாலும் அங்கேதான் வருகிறது.

முகப்பிலேயே பம்ப் கேஜ் இருந்தால் தனியாக ஒன்று எதற்கு?

அது எந்த இடத்து அழுத்தத்தைக் காட்டுகிறது என்பதில்தான் விஷயம். பெரும்பாலும் பம்பை ஒட்டிய குழாயில் இருந்து அதற்கு இணைப்பு போகும். அங்கிருந்து காபிக்கு வருவதற்குள் தண்ணீர் ஊசித்துளை ஜெட்டையும் வளைவுகளையும் தாண்ட வேண்டும். ஓட்டம் இருக்கும்போது வழியில் கொஞ்சம் அழுத்தம் கழியும். முகப்பு 10 காட்டும்போது தூளின் மேல் 9 இருப்பது இயல்பு. சில மெஷின்களில் எண்ணே கிடையாது, ஒரு பட்டையைத் தீட்டி "எஸ்பிரெசோ பகுதி" என்று எழுதியிருப்பார்கள். தினசரி ஒப்பிட்டுப் பார்க்க அது போதும், வால்வைத் திருத்தப் போதாது.

ஒரே ஒருமுறை வெளிக் கேஜ் வைத்து அளந்து, அப்போது முகப்பு முள் எங்கே நின்றது என்று குறித்துக்கொண்டால், பிறகு முகப்பையே நம்பலாம். ஈ61 வகை குரூப் (போர்ட்டாஃபில்டரை மாட்டும் தலைப்பகுதி) உள்ளவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. குரூப்பின் முகப்பில் இருக்கும் அறுகோணத் திருகைக் கழற்றிவிட்டு அங்கேயே கேஜ் பொருத்தலாம். தூளுக்கு மிக அருகில் அளக்கும் இடம் அது.

அளக்க என்ன வாங்க வேண்டும்? எங்கே கிடைக்கும்?

கேஜ் பொருத்திய போர்ட்டாஃபில்டர் ஒன்று. ஆயத்தமாகவும் விற்கிறார்கள். உங்களிடம் உபரியாக ஒரு போர்ட்டாஃபில்டர் இருந்தால் நீங்களே செய்துகொள்ளலாம். காபி விழும் மூக்கைக் கழற்றினால் பெரும்பாலும் 3/8 அங்குல பிஎஸ்பி (பிரிட்டிஷ் குழாய் அளவு) மரை இருக்கும். கேஜின் அடியில் பொதுவாக 1/4 அங்குலம். இடையில் ஒரு பித்தளை ரெட்யூசர், மரைக்கு டெஃப்லான் டேப், அவ்வளவுதான். டேப்பை மரை ஏறும் திசையில் சுற்றுங்கள்; எதிர்த்திசையில் சுற்றினால் திருகும்போதே உரிந்து வரும். நம் ஊர்க் குழாய்ச் சாமான்களும் பிஎஸ்பி மரைதான் என்பதால் இதற்கு வெளிநாட்டுப் பார்சல் தேவையில்லை. சென்னையில் பாரிமுனைப் பக்கத்து ஹார்டுவேர் கடைகளில் கேளுங்கள். கோவைக்காரர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். பம்புக்கென்றே பேர்பெற்ற ஊரில் பிரஷர் கேஜுக்கா பஞ்சம்?

கேஜ் 0–16 பார் அளவில் இருக்கட்டும். 9 என்ற எண் வட்டத்தின் நடுப்பகுதியில் வருவது நல்லது. முகத்தில் 1.6 அல்லது 2.5 என்று சின்னதாக அச்சிட்டிருப்பது துல்லிய வகுப்பு. முழு அளவில் அத்தனை சதவீதம் பிழை இருக்கலாம் என்று பொருள். 16 பார் கேஜில் 2.5 என்றால் 0.4 பார், 1.6 என்றால் கால் பார். கிளிசரின் நிரப்பிய கேஜ் சற்று விலை கூடுதல், ஆனால் கொடுக்கலாம். காரணம் பின்னால் வருகிறது. தொழிற்சாலைக் கேஜ் வழியாக வந்த தண்ணீரைக் குடிக்க வேண்டாம்.

வாங்கிவிட்டேன். இப்போது எப்படி அளப்பது?

மெஷினைச் சூடேற்றிக்கொள்ளுங்கள். தொட்டியில் தண்ணீர் போதுமான அளவு இருக்கட்டும். வழக்கமான போர்ட்டாஃபில்டரைக் கழற்றி, பம்பைச் சில வினாடி ஓட்டித் தண்ணீர் ஒழுங்காக வருகிறதா என்று பாருங்கள். பிறகு கேஜ் வைத்ததை இறுக்கி மாட்டிப் பம்பை ஓட்டுங்கள். உள்ளே காற்று இருப்பதால் முள் உடனே எழாது. மெதுவாக நகர்ந்து, பிறகு விறுவிறுவென்று ஏறி, ஓரிடத்தில் நிற்கும். ஏறும்போது உறுமலாகக் கேட்ட பம்பின் ஓசை அடங்கிக் கட்டையாகும். தொட்டிக்குள் பார்த்தால் திரும்பு குழாயில் தண்ணீர் சொட்டத் தொடங்கியிருக்கும். முள் நின்ற இடமே உங்கள் ஓபிவியின் வரம்பு. பத்து பதினைந்து வினாடி போதும். நிறுத்தி, சிறிது இடைவெளி விட்டு, இரண்டு மூன்று முறை செய்து பாருங்கள். அதிர்வு பம்ப் சுருள் சீக்கிரம் சூடாகும். எத்தனை நிமிடம் ஓட்டம், எத்தனை நிமிடம் ஓய்வு என்பது அதன் லேபிளிலேயே இருக்கும். லேபிள் கண்ணில் படாவிட்டால் ஒரு நிமிடம் ஓட்டினால் ஒரு நிமிடம் ஓய்வு கொடுங்கள்.

கழற்றும்போதுதான் எச்சரிக்கை வேண்டும். மூவழிச் சொலினாய்டு வால்வு (மின்சாரத்தால் திறந்து மூடும் வால்வு) உள்ள மெஷினில், நிறுத்தியதும் 'புஸ்' என்று அழுத்தம் இறங்கிவிடும். அது இல்லாத மெஷினில் 9 பார் சுடுதண்ணீர் அப்படியே அடைபட்டுக் கிடக்கும். முள் பூஜ்யத்துக்கு வராமல் கைப்பிடியைத் தொடாதீர்கள். ஒற்றைப் பாய்லர் மெஷினாக இருந்தால், பம்பை நிறுத்திவிட்டு நீராவிக் குழாயைப் பாத்திரத்துக்குள் விட்டுத் திறந்தால் அழுத்தம் தணியும்.

இப்படி அடைத்துவைத்து அளப்பதும், காபி இறங்கும்போது இருக்கும் அழுத்தமும் ஒன்றுதானா?

நல்ல கேள்வி, ஒன்றல்ல. அடைத்து அளக்கும்போது பம்ப் தள்ளும் தண்ணீர் முழுவதும் ஓபிவி வழியாகவே போக வேண்டும். ஸ்பிரிங் அதிகமாக அமுங்கும், முள் அதிகமாகக் காட்டும். காபி இறங்கும்போது ஒரு பங்கு கோப்பைக்குப் போய்விடுவதால் வால்வு வழியாகப் போவது குறைவு, அழுத்தமும் குறைவு. வித்தியாசம் மெஷினுக்கு மெஷின் மாறும். பொதுவாக அரைப் பாரிலிருந்து ஒரு பார் வரை எதிர்பார்க்கலாம். எனவே தூளின் மேல் 9 வேண்டுமென்றால் அடைத்த நிலையில் 9.5 முதல் 10 வரை வைப்பது வழக்கம்.

துல்லியம் வேண்டுபவர்கள் கேஜுக்குப் பக்கத்தில் ஒரு சிறு ஊசி வால்வும் வைத்துக்கொள்ளலாம். அளவுக் குவளையில் 30 வினாடிக்குச் சுமார் 60 மில்லி விழும்படி வால்வைத் திறந்து, அந்த ஓட்டத்திலேயே கேஜைப் பாருங்கள். உண்மையான காபி இறங்குவதற்கு ஓரளவு நெருங்கிய நிலை அது.

கேஜ் 12 காட்டுகிறது. ஆனால் காபி நன்றாகத்தான் இருக்கிறது. குறைத்தே ஆக வேண்டுமா?

வேண்டாம். முந்தைய பதிலின்படி உங்கள் தூளின் மேல் 11 அளவில் இருக்கலாம். நைசான அரைப்பில் படுகை இறுகிப் பிளந்து, ஒரு பக்கம் மட்டும் தண்ணீர் பீறிட்டு ஓடுகிறதா? அடிப்பக்கம் திறந்த போர்ட்டாஃபில்டரில் மெல்லிய தாரைகள் தெறிக்கின்றனவா? ஒரு நாள் கசப்பு, மறுநாள் புளிப்பு என்று எந்தக் காரணமும் இல்லாமல் மாறுகிறதா? இருந்தால் குறைத்துப் பார்க்கலாம். அழுத்தம் அதிகமானால் காபி அதிகமாக இறங்கும் என்பதும் இல்லை. ஒரு கட்டத்துக்கு மேல் படுகை தானே இறுகி ஓட்டத்தை மறித்துக்கொள்ளும். இந்தத் தொல்லை எதுவும் இல்லையென்றால் ஸ்பேனரைப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள்.

கேஜ் வாங்காமலே தெரிந்துகொள்ள வழி இல்லையா?

தோராயமாக உண்டு. வழக்கம்போல் காபி போடும்போது தொட்டிக்குள் திரும்பு குழாயைப் பாருங்கள். தண்ணீர் சொட்டினால் ஓபிவி திறந்திருக்கிறது. அதாவது நீங்கள் வரம்பைத் தொட்டுவிட்டீர்கள். சொட்டவே இல்லையென்றால் அழுத்தம் வரம்புக்குக் கீழே இருக்கிறது, அரைப்பை நைசாக்க இடமிருக்கிறது. வரம்பு எத்தனை பார் என்பதை மட்டும் இந்த வழி சொல்லாது. திருத்தப் போகிறீர்கள் என்றால் கேஜ் இல்லாமல் தொடாதீர்கள்.

ஓபிவியை எப்படித் திருத்துவது? எந்தப் பக்கம் திருக வேண்டும்?

முதலில் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. மெஷின் ஆறட்டும். மேல் மூடியைத் திறந்து, பம்பிலிருந்து பாய்லருக்குப் போகும் வழியில் தேடுங்கள். பக்கவாட்டில் ஒரு சிலிகோன் குழாய் கிளம்பித் தொட்டிக்குப் போகும். அந்தக் குழாய் புறப்படும் பித்தளைத் துண்டுதான் ஓபிவி. கண்டுபிடித்ததும் கைபேசியில் ஒரு படம் எடுத்துவைத்து, திருகின் இப்போதைய நிலையை மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். பழைய நிலைக்குத் திரும்ப அந்தக் கோடுதான் வழி.

ரான்சிலியோ சில்வியா போன்றவற்றில் திருகைப் பூட்டி வைக்கும் ஒரு நட் இருக்கும். அதைத் தளர்த்திவிட்டுத் திருக வேண்டும். காஜ்ஜியா கிளாசிக்கின் பழைய வகைகளில் மேல் மூடி நட்டைக் கழற்றினால் உள்ளே ஆலன் கீ போடும் துளை இருக்கும். பெரும்பாலான அமைப்புகளில் உள்ளே இறுக்கினால் ஸ்பிரிங் அமுங்கி அழுத்தம் கூடும், தளர்த்தினால் குறையும். ஒரு நேரத்துக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். கால் சுற்று திருகி, மூடியை வைத்து, பிளக்கை மாட்டி, அளந்து, மறுபடி பிளக்கைப் பிடுங்கி, மறுபடி கால் சுற்று. அலுப்பான வேலைதான். ஆனால் மெஷின் ஓடும்போதே உள்ளே கைவிட்டுத் திருகும் வீடியோக்களைப் பார்த்து அதைப் பின்பற்றாதீர்கள். தண்ணீரும் 230 வோல்ட்டும் ஒன்றாக இருக்கும் இடம் அது.

ஒரு நல்ல செய்தி: பம்ப் அழுத்தத்துக்குச் சூடு தேவையில்லை. ஆகவே திருத்தும் கட்டத்தில் ஒவ்வொரு முறையும் மெஷினை முழுக்கச் சூடேற்றிக் காத்திருக்க வேண்டாம். போட்டவுடனே, தண்ணீர் சூடாகும் முன்பே அளந்து முடித்துவிடலாம். கடைசி அளவை மட்டும் சூடான நிலையில் எடுத்து உறுதிசெய்யுங்கள்.

என் மெஷினில் ஓபிவி இருக்கிறது. ஆனால் திருகுவதற்கு எதுவும் இல்லை. என்ன செய்வது?

ஸ்பிரிங்கையே மாற்ற வேண்டும். காஜ்ஜியா கிளாசிக் ப்ரோ இதற்குப் பிரசித்தம். அதில் ஓபிவியைப் பிரித்து, ஆலை வைத்த விறைப்பான ஸ்பிரிங்குக்குப் பதிலாக 9 பார் ஸ்பிரிங் போட்டவர்கள் உலகெங்கும் ஏராளம். பின்னர் வந்த ஈவோ ப்ரோவில் 9 பார் ஸ்பிரிங்கைப் பொருத்தியே விற்கிறார்கள். பிரிக்கும்போது உள்ளிருக்கும் ரப்பர் வளையத்தைத் தொலைத்துவிடாதீர்கள், மேஜையில் வெள்ளைத் துணி விரித்து வேலை செய்யுங்கள்.

சில சிறிய, மலிவான மெஷின்களில் பயனர் தொடக்கூடியது எதுவுமே இருக்காது. அவற்றோடு வருவது பெரும்பாலும் இரட்டைச் சுவர் பாஸ்கெட் (போர்ட்டாஃபில்டருக்குள் தூள் போடும் சல்லடைக் கிண்ணம்). அடியில் ஒரே ஒரு ஊசித்துளை இருக்கும். தடையை உண்டாக்குவது அந்தத் துளை, தூள் அல்ல. கிரேமா போலத் தெரியும் நுரையும் அதிலிருந்து பீறிடும்போது வருவதே. அந்த பாஸ்கெட்டோடு இருக்கும்வரை பம்பைத் திருத்தி ருசி மாறாது. பணம் செலவழிக்க நினைத்தால் நல்ல அரைவை மெஷினுக்கும் ஒற்றைச் சுவர் பாஸ்கெட்டுக்கும் செலவழியுங்கள்.

9க்கு ஏறவே மாட்டேன் என்கிறது. 5, 6இலேயே நின்றுவிடுகிறது.

தூள் போட்டு ஓட்டும்போதா, அடைத்த கேஜிலா? இதைச் சொல்லாமல் பதில் சொல்ல முடியாது. தூள் போடும்போது மட்டும் என்றால் பம்பின் மேல் குற்றமில்லை. அரைப்பு கொரகொரப்பாக இருக்கிறது, அல்லது தூள் குறைவு, அல்லது கொட்டை பழையது. ஓபிவியை எவ்வளவு இறுக்கினாலும் இது ஏறாது. ஏன் என்பது மூன்றாவது கேள்வியின் பதிலில் இருக்கிறது.

அடைத்த கேஜிலும் ஏறவில்லையென்றால் இந்த வரிசையில் பாருங்கள். தொட்டிக் குழாய் மடங்கியிருக்கிறதா, வடிகட்டி அடைத்திருக்கிறதா, பம்புக்குள் காற்று புகுந்திருக்கிறதா? சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுப் பம்பை ஓட்டினால் காற்று வெளியேறும். போர்ட்டாஃபில்டர் ஓரத்தில் கசிந்தால் குரூப் கேஸ்கெட் தேய்ந்திருக்கிறது. அடைத்து ஓட்டும்போது சொட்டுத் தட்டுக்குப் போகும் சொலினாய்டு குழாயில் தண்ணீர் ஒழுகினால் அந்த வால்வில் அழுக்கோ சுண்ணாம்போ சிக்கியிருக்கிறது. முள் 5இல் நிற்கும்போதே ஓபிவி திரும்பு குழாயில் தண்ணீர் வேகமாக ஓடினால் ஓபிவி திறந்தபடி மாட்டிக்கொண்டிருக்கிறது. கழற்றிச் சிட்ரிக் அமிலக் கரைசலில் ஊறவைத்துக் கழுவினால் பெரும்பாலும் சரியாகும். எங்கும் கசிவு இல்லை, திரும்பு குழாயும் வறண்டிருக்கிறது, முள்ளும் ஏறவில்லை என்றால்தான் பம்பைச் சந்தேகிக்க வேண்டும்.

காலையில் சரியாக இருக்கிறது, மாலையில் மட்டும் முள் குறைவாகக் காட்டுகிறது. இது எப்படி?

மின்னழுத்தத்தைப் பாருங்கள். அதிர்வு பம்பில் மோட்டார் கிடையாது. ஒரு கம்பிச் சுருள், அதற்குள் ஒரு பிஸ்டன், ஒரு ஸ்பிரிங், ஒரு டயோடு. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் பிஸ்டன் வினாடிக்கு 50 முறை முன்னும் பின்னும் அடிக்கிறது. வோல்டேஜ் குறைந்தால் ஒவ்வோர் அடியும் பலவீனமாகும். தெருவெல்லாம் ஏசி ஓடும் கோடை மாலையில் உங்கள் வீட்டுக்கு 230 வருவதில்லை என்றால் பம்பும் காலையில் அடித்ததுபோல் அடிக்காது. ஸ்டெபிலைசர் போடுவதாக இருந்தால் மெஷினின் ஹீட்டர் எத்தனை வாட் என்று பார்த்து, அதற்கு மேல் தாங்கக்கூடியதாக வாங்குங்கள். டிவிக்கு வாங்கியது இதைத் தாங்காது. குறைந்த வோல்டேஜில் ஓபிவியை இறுக்கிச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். காலையில் வரம்பு மீறி நிற்கும்.

அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த மெஷினை டிரான்ஸ்ஃபார்மர் வைத்து ஓட்டுகிறேன். வோல்டேஜ் சரி, ஆனாலும் காபி மந்தமாக இறங்குகிறது.

டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜை மட்டுமே மாற்றும். அங்கே 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. வினாடிக்கு 60 முறை அடிக்கும்படி செய்த பிஸ்டன் இங்கே 50 முறைதான் அடிக்கும். அடைத்து அளந்தால் முள் ஓபிவி வரம்பை எட்டிவிடும் என்பதால் கேஜில் பெரிதாகத் தெரியாமல் போகலாம். குறைவது தண்ணீர் தள்ளும் வேகம். சுருளும் கூடுதலாகச் சூடாகும், எனவே நீண்ட நேரம் தொடர்ந்து ஓட்டாதீர்கள். கொஞ்சம் பொறுமை இருந்தால் இப்படியே ஓட்டலாம். முடியாதென்றால் பம்ப், ஹீட்டர், சொலினாய்டு எல்லாவற்றையும் 230 வோல்ட்டுக்கு மாற்ற வேண்டிவரும். அந்தச் செலவுக்கு இங்கேயே ஒரு மெஷின் வாங்குவது புத்திசாலித்தனம்.

நாங்கள் ஃபில்டர் காபிக்கு வாங்கும் சிக்கரி கலந்த பொடியைப் போட்டேன். முள் உச்சிக்குப் போய் நின்றுவிட்டது, காபி சொட்டுச் சொட்டாக வந்தது. பம்பா, பொடியா?

பொடி. டவரா டம்ளருக்கு டிகாஷன் இறக்கும் ஃபில்டரில் தண்ணீர் தன் எடையால் நிதானமாக இறங்குகிறது, அழுத்தம் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. சிக்கரி அங்கே சமர்த்து. தண்ணீரில் கரையும் பங்கு அதில் காபியைவிட மிக அதிகம். அதனால்தான் டிகாஷன் கெட்டியாகத் தெரிகிறது. அதையே 9 பாரில் அழுத்தினால் படுகை பிசின்போல் இறுகி, ஓபிவி வரம்புவரை முள் ஏறி நின்றுவிடும். சிக்கரி இல்லாத கொட்டையை அரைத்துப் போட்டுப் பாருங்கள், முள் ஒழுங்குக்கு வந்துவிடும். மெஷினைப் பின்கழுவல் (துளையில்லாத பாஸ்கெட் மாட்டித் தண்ணீரைத் திருப்பி அனுப்பிக் கழுவுவது) செய்து குரூப்பைச் சுத்தம் செய்யவும் மறக்காதீர்கள். சிக்கரி ருசியே வேண்டும் என்றால் பித்தளை ஃபில்டரை விட்டுக்கொடுக்காதீர்கள். 9 பார் அதற்குத் தேவையில்லை.

தொடக்கத்தில் 9 காட்டிவிட்டு, காபி இறங்க இறங்க 7க்கு வந்துவிடுகிறது. பழுதா?

மெதுவாக இறங்கினால் பழுதில்லை. தூளிலிருந்து சத்து கரைந்து போகப்போகப் படுகையின் தடை குறைகிறது. தடை குறைந்தால் ஓட்டம் கூடும், ஓட்டம் கூடினால் அதிர்வு பம்பின் அழுத்தம் இறங்கும். லீவர் மெஷின்களில் ஸ்பிரிங் விரிய விரிய அழுத்தம் இறங்குவது அதன் இயல்பே. அந்தக் காபியின் ரசிகர்கள் அதற்காகவே அதை விரும்புகிறார்கள். ஐந்தாம் வினாடியிலோ பத்தாம் வினாடியிலோ முள் திடீரென்று சரிந்தால் மட்டும் படுகை எங்கோ பிளந்திருக்கிறது. அது தூளைப் பரப்பி அழுத்தும் விதத்தில் உள்ள குறை.

முள் நடுங்கிக்கொண்டே இருக்கிறது. எந்த எண்ணை எடுத்துக்கொள்வது?

வினாடிக்கு 50 அடி என்று மேலே சொன்னேன் அல்லவா, அதைத்தான் முள் காட்டுகிறது. ஊசலாட்டத்தின் நடுப்புள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். கிளிசரின் நிரப்பிய கேஜில் இந்த நடுக்கம் பெரும்பாலும் அடங்கிவிடும்.

ரோட்டரி பம்ப் மெஷினில் எப்படி?

சுலபம். பம்பின் தலையிலேயே ஒரு திருகு இருக்கும். அதை இறுக்கினால் அழுத்தம் கூடும். மூடியைத் திறக்காமலே எட்டும்படி வைத்த மெஷின்களும் உண்டு. மெஷினை நேரடியாகக் குழாய்த் தண்ணீரில் இணைத்தால், இணைத்த பிறகு மறுபடி அளக்க வேண்டும். வரும் தண்ணீரின் அழுத்தமும் அளவைப் பாதிக்கக்கூடும். ரோட்டரி பம்பைத் தண்ணீர் இல்லாமல் ஓட்டாதீர்கள், உள்ளே தேய்ந்துவிடும்.

ரோட்டரி பம்ப் உள்ள மெஷின்களில் பெரிய நீராவிப் பாய்லரும் இருக்கும் என்பதால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பாய்லரின் உச்சியில் இருக்கும் பாதுகாப்பு வால்வும் ஓபிவியும் வெவ்வேறு. பாதுகாப்பு வால்வு பாய்லர் வெடிக்காமல் காப்பது, ஆலையிலேயே அளவு வைத்து மூடியது. அதை எந்தக் காரணத்துக்காகவும் திருகாதீர்கள். அது அடிக்கடி திறந்துகொண்டால் கோளாறு வேறெங்கோ இருக்கிறது, மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

இப்போது 6 பார்தான் நல்லது என்கிறார்களே?

6 பாரில் பிழைகள் மன்னிக்கப்படும். படுகை அவ்வளவாக இறுகாது, பிளவு குறையும், லேசான வறுவல் கொட்டைகளில் கூர்மை தணிந்து இனிப்பு தெரியும் என்று பலர் சொல்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் படுகிறது. கருக்க வறுத்த, கெட்டியான இத்தாலியப் பாணி வேண்டுமென்றால் 9ஐ விட்டு எங்கும் போகத் தேவையில்லை. பாலில் கலந்து குடிப்பவர்களுக்கு வித்தியாசம் தெரிவதே கடினம். ஒன்று மட்டும்: வரம்பை 6ஆக்கினால் பழைய அரைப்பு பொருந்தாது. ஒரே அரைப்பை வைத்துக்கொண்டு இரண்டையும் ஒப்பிட்டுத் தீர்ப்பு சொல்வது நியாயமல்ல.

திருத்தினால் வாரண்டி போய்விடுமா?

மூடியைத் திறந்தாலே போய்விடும் என்று எழுதியிருக்கும் அட்டைகளும் உண்டு. வாரண்டிக் காலத்தில் இருந்தால் முதலில் அட்டையைப் படியுங்கள். அழுத்தம் உண்மையிலேயே தப்பாக இருந்தால் நீங்கள் எடுத்த கேஜ் படத்தை அனுப்பிச் சேவை மையத்தையே செய்யச் சொல்லுங்கள். எண்ணோடு கூடிய படத்தைப் பார்த்தால் "எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது" என்று தட்டிக்கழிப்பது அவர்களுக்கும் கஷ்டம்.

ஒருமுறை சரிசெய்துவிட்டால் எப்போது மறுபடி அளக்க வேண்டும்?

பம்பை மாற்றினால், சுண்ணாம்பு நீக்கினால், மெஷினை வேறு வீட்டுக்குக் கொண்டுபோனால் அளந்து பாருங்கள். காரணமில்லாமல் ருசி மாறினாலும் முதலில் அரைப்பையும் கொட்டையையும் பாருங்கள், பிறகு கேஜை எடுங்கள். போர்வெல் தண்ணீரை அப்படியே ஊற்றுபவர்களுக்கு ஓபிவியில் சுண்ணாம்பு சீக்கிரம் படியும். அவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. ஆர்ஓ தண்ணீர் ஊற்றினால் சுண்ணாம்பு படியாது. ஆனால் தாதுக்கள் முழுக்க நீங்கிய தண்ணீரில் காபி சப்பென்று இருக்கும். தண்ணீர் மட்டத்தை மின்முனையால் உணரும் பாய்லர்களும் அதில் குழம்பும். இரண்டையும் கலந்து ஊற்றுவது பலரும் செய்வது. என்ன விகிதம் என்பதை உங்கள் பகுதித் தண்ணீரின் டிடிஎஸ் பார்த்து முடிவு செய்யுங்கள்.